தாழ்ப்பாளைத் திறந்தது நான்

அன்புள்ள அத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். கையில் பட்ட தீக்காயம் ஆறுகிறதா? சத்தியமங்கலத்தில் நான் நலம். மாமி தூங்கிய பிறகு, அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

பள்ளிவாசல் தெருவில் நம் வீடுகளைக் கொளுத்திய அன்று அம்மா தாழ்ப்பாள் போட மறந்தார்கள் என்று அவர்களிடம் இன்னும் பேசாமல் இருக்கிறீர்களாம். அம்மா போட்டிருந்தார்கள், அத்தா.

நீங்கள் தையல் மெஷினை மறைக்கப் பின்கட்டுக்குப் போனபோது, "ஏனுங்க பாய், நாந்தானுங்க மதன். தெக்கக் குடுத்த பேண்ட வாங்கிட்டுப் போயர்றனுங்க" என்று குரல் கேட்டது. துணி கொடுத்தவரை வாசலில் நிற்க வைக்கக் கூடாது என்பீர்களே. "வாங்கண்ணா" என்று திறந்துவிட்டேன். அவருக்குப் பின்னால் தெரு நிறைய ஆட்கள், கையில் பெட்ரோல் கேன்கள். மதன் அண்ணன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"அத்தாகிட்டச் சொல்லிப்போடாத கண்ணு, நானே மறந்ததா இருக்கட்டும்" என்றார்கள் அம்மா, என்னை இங்கே அனுப்பும்போது.

என் கணக்குப் புத்தகம் எரியாமல் இருந்தால் அனுப்புங்கள். இங்கே யார் கதவைத் தட்டினாலும் குளியலறையில் ஒளிந்துகொள்கிறேன். மாமி சிரிக்கிறார்.

மாமி இருமுகிறார், எழுந்துவிடுவார். என்னைக் கூட்டிப்போக வருவீர்களா, அத்தா? என் மேல் கோபத்தில் வராவிட்டாலும் சரி, அம்மாவிடம் பேசுங்கள்.

உங்கள் மகள்
அஃப்ஷீன்