லீனா பெயரில் போட்ட ஜெபச் சீட்டு

சித்தூர்,
ஆகஸ்ட் 17, ஞாயிறு பிற்பகல்

அன்பு மகள் லீனாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் உன் நைனாவும் இங்கே குறையில்லாமல் இருக்கிறோம், நைனாவின் முழங்கால் மட்டும் படி ஏறும்போது வலிக்கிறது, அதற்கு அவர் போடும் கூச்சல் தெருக்கோடிவரை கேட்கிறது. நீயும் அந்த ஆக்லாந்து குளிரில் சளி இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். வாட்ஸ்அப் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று நினைப்பாய். அதில் நான் பத்து வரி எழுதினால் நீ ஒரு கட்டைவிரலை அனுப்புகிறாய், ஜனவரியிலிருந்து எனக்கு வந்ததெல்லாம் அந்தக் கட்டைவிரல்தான். போனில் நைனாவிடம் அரைமணி நேரம் சிரித்துப் பேசுகிறாய், நான் வாங்கினால் டூட்டிக்கு நேரமாச்சும்மா என்கிறாய். காகிதத்துக்குக் கட்டைவிரல் காட்ட முடியாது பார், அதனால்தான். பின்பக்கத்து மாமரம் இந்த வருஷம் நன்றாகக் காய்த்தது, ஊறுகாய் இரண்டு ஜாடி போட்டேன், நைனா ஒன்றை இப்போதே பாதி துன்னுத் தீர்த்துவிட்டார். என் இடது கண்ணில் புரை எடுத்தாயிற்று, இப்போது எல்லாம் பளிச்சென்று தெரிகிறது, சுவரில் இருக்கிற அழுக்கும் சேர்த்து.

சுற்றி வளைத்தால் எழுதாமலே எழுந்துவிடுவேன், நேராகச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சீட்டைப் பற்றித்தான். நம் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு ஜெபக்குறிப்புப் பெட்டியைத் திறந்து பாஸ்டர் சீட்டுகளை வாசிப்பார், பெயர் வேண்டாம் என்றால் ஒரு சகோதரி என்று எழுதினால் போதும், எனக்கு அது தெரியாதா, எத்தனை வருஷமாகப் போடுகிறேன். ஆனால் பெயரும் வயதும் எழுதினால்தான் ஜெபம் சரியாகப் போய்ச்சேரும் என்று எனக்கு ஒரு எண்ணம், ஆண்டவருக்கு விலாசம் தெரியாததுபோல. என் மகள் லீனா, வயது முப்பத்தாறு, கல்யாணத்துக்குச் சம்மதிக்காமல் கம்ப்யூட்டரில் கதை விளையாட்டுக்கு அடிமைப்பட்டிருக்கிறாள், இந்தக் கட்டிலிருந்து அவளுக்கு விடுதலை வேண்டும் என்று எழுதிப் போட்டேன். ஜனவரி முதல் ஞாயிறு, லீவுக்கு வந்த பிள்ளை தூங்கட்டும் என்று எழுப்பாமல்தான் கிளம்பினேன், நீயோ என்னைச் சந்தோஷப்படுத்த அந்தப் பச்சைப் பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய். பாஸ்டர் வாசிக்க ஆரம்பித்ததும் என் மடியில் இருந்த உன் கையை எடுத்துக்கொண்டாய். நான் எழுந்து நிறுத்துங்கள் ஐயா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லையே. வெளியே வந்ததும் நம் சபைக் கமலம்மா உன் தலைமேல் கைவைத்து அந்தச் சனியன விட்டுத் தொலச்சிடு கண்ணு நல்ல வரன் வரும் என்று சத்தமாகச் சொல்லி ஜெபித்தாள், நீ அவளுக்குத் தேங்ஸ் ஆன்ட்டி என்றாய். பத்தாம் தேதிக்கு டிக்கெட் இருந்தும் செவ்வாய்க்கிழமைக்கே மாற்றிக்கொண்டு புறப்பட்டுவிட்டாய். அப்போதுகூட எனக்குக் கோபம்தான், பெற்றவள் ஜெபித்தால் இவளுக்கு ரோஷமா என்று நைனாவிடம் கத்தினேன், பாவி.

போன மாதம் கண் ஆபரேஷனுக்குத் திருப்பதி போனபோது உன் பள்ளித் தோழி காஞ்சனா வீட்டில்தான் எட்டு நாள் இருந்தேன், என்னை எங்கும் போக விடாமல் சொட்டு மருந்து விட்டுப் பார்த்துக்கொண்டாள், தங்கமான பெண். அவளும் உன்னோடு சேர்ந்து அந்த விளையாட்டுப் பைத்தியம் என்று எனக்கு அங்கே போய்த்தான் தெரியும். காலேஜில் பாடம் நடத்துகிறாள், பெரிய டீச்சரம்மா, ஞாயிறு சாப்பாடு ஆனதும் பெரிய டிவியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். அவள் மாமியார் இந்த வயசுல இன்னா ஆட்டலு வெளையாட்டு என்று சமையலறையிலிருந்து முணுமுணுத்தபடி இருந்தார், அவள் காதில் வாங்கவே இல்லை, அத்தே நீங்களும் வாங்கோ என்று கூப்பிட்டாள். கண்ணில் மருந்து விட்டிருந்ததால் முதலில் நான் காதால்தான் கேட்டேன். போருக்குப் போன மகன் செத்துவிட்டான், அவன் தாய்க்கிழவி வாசலில் காத்திருக்கிறாள், உண்மையைச் சொல்வதா, உயிரோடு இருக்கிறான் என்று பொய் சொல்வதா, அதை நாம்தான் முடிவு செய்ய வேண்டுமாம். காஞ்சனா என்னைக் கேட்டாள். காபி ஆறிப்போகும்வரை யோசித்து, பொய்யே சொல்லுடி என்றேன். அந்தக் கிழவி உடனே நம்மிடம் மகனுக்கு இரண்டு வேளைச் சோறு கட்டிக் கொடுத்து அனுப்பினாள், எனக்கு அழுகை வந்துவிட்டது. லீனா இன்னா சொன்னா என்று கேட்டேன். அவ உண்மையச் சொல்லிட்டு அந்தக் கிழவியோட வீட்லயே தங்கிட்டா ஆன்ட்டி, சண்டைக்கே போவல, கதைய நகர்த்தாம அவளுக்கு வெறகு பொறுக்கிப் போட்டுக்கினு இருந்தா என்று சிரித்தாள். அது நீதான், சந்தேகமே இல்லை.

உனக்கு அங்கே தனிமையா, மனசுக்குள் ஏதாவது கஷ்டமா, அதனால்தான் இதில் விழுந்தாயா என்று காஞ்சனாவைத் துளைத்து எடுத்தேன். இன்னா ஆன்ட்டி இப்டி கேக்கறீங்கோ, அவளுக்குப் புடிச்சிருக்கு அவ்ளோதான், நீங்கோ தெனம் ஏழு மணிக்கு தெலுங்கு சீரியல் பாக்கறீங்களே உங்களுக்கு இன்னா கஷ்டம் என்று கேட்டுவிட்டாள். கிறிஸ்மஸ் அன்று சாயங்காலம் நீ என்னை, அம்மா பத்து நிமிஷம் வந்து பக்கத்துல குந்தும்மா, நான் ஆடறதப் பாரு என்று கூப்பிட்டாயே, வேலை கிடக்கிறது என்று சொல்லிவிட்டு நான் போய்ச் செய்த வேலை அந்தச் சீரியல் பார்த்ததுதான். நீ வீட்டில் இருந்த இருபது நாளில் உன் லேப்டாப்பை நான் ஒருமுறைகூட எட்டிப் பார்க்கவில்லை, பார்க்காத ஒன்றைப் பற்றித்தான் சபைக்குச் சீட்டு எழுதினேன்.

திரும்பி வந்ததும் சபைச் செயலாளர் அசரியாவிடம் போய் லீனா பெயரை எடுத்துவிடு தம்பி என்றேன். பதில் வராத குறிப்புகள் சபையின் ஜெபப் பட்டியலிலேயே நிற்கும் அல்லவா, நீ எட்டு மாதமாகப் புற்றுநோய்க்காரர் ஒருவருக்கும் விசா கேட்கிறவர் ஒருவருக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தாய். அவன் தலையைச் சொறிந்தான். வாபஸ் வாங்கற வழக்கம் இல்லியே அக்கா, பதில் கெடச்சுதுன்னு சாட்சி சொல்லுங்கோ, அடிச்சிடறேன் என்றான். நீ திருந்திவிட்டாய் என்று பொய் சாட்சி சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் உன் பெயர் அங்கேயே கிடக்கும், இதுதான் நியாயமாம். இரண்டு வாரம் தூக்கம் கெட்டு யோசித்தேன். இன்று காலை சாட்சி நேரத்தில் எழுந்து, என் ஜெபத்துக்குப் பதில் வரவில்லை, வரவும் வேண்டாம், நான் கேட்டதே தப்பு, என் பிள்ளை எதற்கும் அடிமை இல்லை, வேலை பார்க்கிறாள், ஓய்வில் அவளுக்குப் பிடித்ததை விளையாடுகிறாள், அவளை ஒரு வார்த்தை கேட்காமல் நான் எழுதினேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். சாட்சி முடிந்தால் சபை முழுக்க ஆமென் சொல்லும், எனக்கு ஒருவரும் சொல்லவில்லை, உன் நைனா மட்டும் சொன்னார், அதுவும் எனக்குப் பயந்து. கமலம்மா வாசலில் என்னைப் பார்க்காததுபோல் போனாள், போகட்டும். அசரியா பெயரை அடித்துவிட்டான், பேனாவால் கெட்டியாக அடிக்கச் சொல்லி நின்று பார்த்தேன். ஆனாலும் மனசு ஆறவில்லை. உன்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அவமானப்படுத்தினேன், நீ இல்லாத இடத்தில் மன்னிப்புக் கேட்டேன், இது எதில் சேர்த்தி.

இவ்வளவு எழுதிவிட்டு ஒன்றை மட்டும் எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். அந்தச் செவ்வாய்க்கிழமை கார் வந்து நின்றபோது நீ என் முகத்தைப் பார்க்காமல், நீ என்னத் திட்டியிருந்தா நானும் திருப்பித் திட்டியிருப்பேன்மா, ஜெபம் பண்ணிட்டியே, அதுக்கு நான் இன்னா பதில் சொல்றது என்றாய். அன்று அது எனக்குப் புரியவில்லை, இப்போது அது ஒன்றுதான் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது. என் வாயை நான் அடைத்ததில்லை, உன் வாயை அடைத்துவிட்டேன். லீனா, இது ஜெபம் இல்லை, வெறும் கடிதம். பதில் சொல்லலாம். திட்டியே எழுது, பக்கம் பக்கமாகத் திட்டு, நான் குறுக்கே பேசாமல் கடைசிவரை வாசிக்கிறேன்.

இந்த மாதம் பாஸ்போர்ட் புதுப்பிக்க வேண்டும் என்றாயே, நைனா ஞாபகப்படுத்தச் சொன்னார், மறக்காதே. பல்வலிக்கு மாத்திரையை முழுங்கிக்கொண்டே இருக்காமல் டாக்டரைப் பார். நீ போகும் வழியெல்லாம் ஆண்டவர் உனக்கு முன்னே நடக்கட்டும், உன் கையின் வேலையும் உன் ஓய்வு நேரமும் சந்தோஷமாக இருக்கட்டும்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
உன் அம்மா
கிருபாபாய் ஜோனத்தான்