பஞ்சுவின் கட்டைவிரல்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. உயிரோடும் நினைவோடும் இரண்டு காலில் நடமாடிக்கொண்டும் நலமாக இருக்கிறேன், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அதைவிட நலமாக இருக்கவேண்டும். போன சனிக்கிழமை மதியம் நம் குடோனில் லோடுமேன்கள் பஞ்சுவின் வலது கையை லாரியின் பின்கதவில் வைத்து நசுக்கிவிட்டார்கள், நான் கம்பியால் அவர்களில் ஏணி என்று கூப்பிடுகிற நெட்டையனின் மண்டையை உடைத்தேன், யாரோ வீசிய செங்கல் என் நெற்றியில் பட்டு ஏழு தையல். ஊரெல்லாம் சுற்றுகிற வீடியோ உனக்கும் வந்திருக்கும், அதில் உடம்பெல்லாம் ரத்தமாகக் கத்துகிற பொம்பளை நான்தான், பாதி ரத்தம் ஏணியுடையது, அதனால் பயப்படாதே. அதை எடுத்த புண்ணியவான் உன் தம்பி. அம்மாவை அடிக்கிறார்களே என்று ஓடிவராமல் ஷட்டருக்குப் பின்னால் நின்று போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறான், கேட்டால் ஆதாரம் வேணும்ல அம்மா என்கிறான். அந்த ஆதாரத்துக்காக அவன் போன், என் போன் இரண்டையும் போலீஸ் வாங்கி வைத்துக்கொண்டது, அதனால்தான் இந்தக் காகிதமும் பேனாவும்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் இதில் உனக்கும் கொஞ்சம் பங்கு இருக்கிறது. இனிமேல் கூலியை யாரும் கையில் கொடுக்கக்கூடாது, அவரவர் கணக்கில்தான் போடவேண்டும், மீறினால் குடோன் லைசென்ஸ் ரத்து என்று அரசாங்க உத்தரவு வந்ததும் நான் உனக்குத்தான் போன் போட்டேன். அந்த மாதிரி மென்பொருள் எழுதுகிற ஆபீசில் இருக்கிற நீ, விரலை வைத்தால் பணம், இரண்டு நிமிஷ வேலைம்மா என்றாய். சரி என்று வங்கி ஏஜெண்டை மெஷினோடு வரவழைத்தேன். நம் லோடுமேன்கள் பதினோரு பேரும் வரிசையில் நின்று விரல் வைத்தார்கள். பதினோரு பேருக்கும் அந்த மெஷினுக்குள் இருக்கிற பொம்பளை ரேகை பொருந்தவில்லை, மீண்டும் முயற்சிக்கவும் என்றே சொன்னாள். எப்படிப் பொருந்தும், இருபது வருஷமாக சிமெண்டும் சுண்ணாம்பும் தின்ற விரல். எண்ணெய் தடவினார்கள், சோப்புப் போட்டுத் தேய்த்தார்கள், ஒருவன் கல்லில் உரசி ரத்தமே வரவழைத்துவிட்டான். மூட்டை சுமந்து முதலாளி ஆன உன் அம்மா விரலும் அதே கதைதான், என்னையும் அவள் ஒத்துக்கொள்ளவில்லை. ஏஜெண்ட் ஒரு வழி சொன்னான், பத்து நாள் சிமெண்டைத் தொடாமல் இருங்க, ரேகை தானா வளரும் என்று. பத்து நாள் உன் வீட்டில சாப்பிட வரலாமா என்று ஏணி கேட்டான், எல்லாரும் சிரித்தார்கள். அன்றைக்குச் சிரித்தார்கள்.

அப்போது மெஷின் ஒத்துக்கொண்ட ஒரே விரல் பஞ்சுவுடையது. உனக்கு அவனை ஞாபகம் இருக்கும், லாரி பக்கத்தில் சாக்பீஸோடு நின்று மூட்டையை எண்ணுகிறவன், ஒரு மூட்டையும் தூக்கியதில்லை, கை பஞ்சு மாதிரி இருக்கும் என்று கேலி பண்ணியே அந்தப் பெயர் நின்றுவிட்டது. நான்தான் யோசனை சொன்னேன், மறைக்கவில்லை, பன்னிரண்டு பேர் கூலியையும் பஞ்சு கணக்கில் போட்டுவிடுவோம், அவன் விரல் வைத்து எடுத்துப் பிரித்துக் கொடுக்கட்டும், சட்டத்துக்குச் சட்டமும் ஆச்சு, சம்பளத்துக்குச் சம்பளமும் ஆச்சு என்று. பெரிய மூளைக்காரி என்று என்னையே மெச்சிக்கொண்டேன். நாலு வாரம் ஓடியது. ஐந்தாவது வாரம் ஒரு கூலிக்காரன் கணக்கில் இவ்வளவு பணமா என்று வங்கி சந்தேகப்பட்டுக் கணக்கை நிறுத்திவிட்டது. அதைச் சொல்லி வந்த செய்தி இங்கிலீஷில் இருந்தது, பஞ்சுவுக்கு அது படிக்கத் தெரியாது, சிம் கம்பெனி விளம்பரம் என்று நினைத்து அழித்திருக்கிறான். ஏஜெண்டைக் கேட்டால் நெட்வொர்க் இல்லை, நாளைக்கு வா என்பான். பஞ்சு அதையே லோடுமேன்களிடம் சொன்னான். மூன்று வாரம் சொன்னான். நானும் நெட்வொர்க் என்றால் மழை மாதிரி, வரும்போது வரும் என்று விட்டுவிட்டேன், ஒரு நடை வங்கிக்குப் போய்க் கேட்டிருந்தால் இந்தக் கடிதமே இல்லை.

இதற்கிடையில் பஞ்சுவின் பெண்டாட்டி தவணையில் ஒரு தையல் மெஷின் வாங்கினாள். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. சனிக்கிழமை லாரி வந்து நின்றதும் ஏணி அவன் சட்டையைப் பிடித்து, எங்க பிள்ளைங்க வயித்துல தைக்கிறியாடா மெஷினு என்று கேட்டான். பஞ்சு மறுபடியும் நெட்வொர்க் என்று வாயைத் திறந்தான். அந்த வார்த்தை முடியவில்லை, நாலு பேர் அவனை இழுத்துப் போய்க் கையை லாரி விளிம்பில் வைத்தார்கள், எந்த விரலுடா பணம் எடுக்கும் என்று கேட்டு அந்த விரலைத் தேடி எடுத்து வைத்தார்கள், ஏணி கதவைத் தூக்கி அடித்தான். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. முதல் அடிக்குத்தான் பஞ்சு கத்தினான். நான் ஆபீஸ் அறையிலிருந்து வெளியே வரும்போது கதவில் சிவப்பாக வழிந்தது, சாக்பீஸ் அவன் இடது கையில் அப்படியே இருந்தது. கைக்குக் கிடைத்த கம்பியை எடுத்து ஏணியின் தலையில் போட்டேன், நடு மண்டையில் போட்டிருந்தால் செத்திருப்பான், சாகட்டும் என்றுதான் போட்டேன், அவன் திரும்பியதால் காதுக்கு மேலே பட்டது. உன்னிடம் நல்லவள் வேஷம் போட எனக்கு வராது. அப்புறம் மேஜை, கண்ணாடி, ஏஜெண்ட் விட்டுப்போன மெஷின் எல்லாம் தூள். பஞ்சுவின் போனைக் கீழே போட்டு மிதித்தார்கள்.

இப்போது வேடிக்கையைக் கேள். திங்கட்கிழமை நெற்றிக் கட்டோடு நானே வங்கிக்குப் போய்க் கத்தினேன், அரை மணி நேரத்தில் கணக்கைத் திறந்துவிட்டார்கள். பணம் முழுசாக இருக்கிறது, ஒரு காசு பஞ்சு தொடவில்லை. எடுக்க என்ன வேண்டும் என்றால் பதிவு பண்ணின வலது கட்டைவிரல் வேண்டும், அதை டாக்டர் ஞாயிற்றுக்கிழமையே வெட்டி எடுத்துவிட்டார். வேறு விரல் பதிய வேண்டுமானால் அவன் போனுக்கு ஒரு எண் வரும், போன் மாவாகக் கிடக்கிறது. புது சிம் வாங்க அதே கட்டைவிரலைத்தான் வைக்கவேண்டுமாம். பதினோரு பேரும் தங்கள் மூன்று வாரக் கூலியைத் தாங்களே கதவில் வைத்து நசுக்கியிருக்கிறார்கள். இதைப் போய்ச் சொன்னதும் ஒருத்தன் சுவரில் முட்டிக்கொண்டு அழுதான்.

அதோடு நிற்கவில்லை. பஞ்சுவின் மச்சான்கள் இரண்டு பேர் ஏணி வீட்டுக் கதவைக் கோடரியால் பிளந்துவிட்டார்கள், ஏணியின் பெண்டாட்டி கொதிக்கிற தண்ணீரை எடுத்து ஊற்றியதில் ஒருத்தனுக்குத் தோள் வெந்துபோச்சு. அடுத்த தடவை கை இல்லை, கழுத்து என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். செய்வார்கள். அதனால் இன்று சாயங்காலம் பஞ்சு படுத்திருக்கிற ஆஸ்பத்திரி அறையில் இரண்டு தரப்பையும் உட்காரவைத்துப் பேசப்போகிறேன். சிமெண்ட், கம்பி, ஓடு எல்லாவற்றுக்கும் விலை பேசியிருக்கிறேன், விரலுக்குப் பேசியதில்லை.

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். பதினோரு பேர் கட்டைவிரலையும் மையில் தொட்டு வாங்கினேன், பன்னிரண்டாவது என்னுடையது. பார், பன்னிரண்டு மைப்பொட்டு, ஒன்றிலாவது ஒரு கோடு தெரிகிறதா சொல். இதை உன் மேலதிகாரி மேஜையில் வை, இந்தக் கைகளுக்கு உங்களிடம் என்ன இருக்கிறது என்று கேள், மறந்துவிடாதே. குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதா, கீரை சாப்பிடவில்லை என்றால் அடிக்காதே, அடியைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். நீ நூறு வயசு குறையில்லாமல் இருக்கவேண்டும், பத்து விரலும் பத்திரமாக.

இப்படிக்கு,
தலையில் கட்டோடு, உன் அம்மா

உறையை ஒட்டுவதற்குள் பேச்சு முடிந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். வழக்கு வாபஸ், இரண்டு தரப்பும். பஞ்சுவுக்கு மூன்று லட்சம், இரண்டு என்னுடையது, ஒன்று பதினோரு பேரும் மாதாமாதம் கட்டுவது. எண்ணுகிற வேலை, பழைய சம்பளம், அவன் சாகும்வரை. மாட்டிக்கொண்ட மூன்று வாரக் கூலியை நாளைக் காலை நான் கையில் கொடுக்கிறேன், லைசென்ஸ் போனால் போகட்டும். இரண்டிரண்டு பேராகப் பத்து நாள் சிமெண்டைத் தொடாமல் பாதிக் கூலியோடு உட்காரவேண்டும், ரேகை வளர்ந்ததும் அவரவருக்குத் தனிக் கணக்கு. பஞ்சு தன் பங்குக்கு ஒன்றே ஒன்று கேட்டான். ஏணி முதல் ஆளாக உட்கார்ந்து ரேகை வளர்க்கவேண்டும், எல்லாருக்கும் தனிக் கணக்கு ஆகும்வரை மொத்தக் கூலியும் அவன் விரலில்தான் வரவேண்டும், சனிக்கிழமைதோறும் அவன் அதே லாரிக் கதவு பக்கத்தில் நின்று பிரித்துக் கொடுக்கவேண்டும் என்றான். ஏணி என் காலில் விழுந்து, என்னை ஜெயிலுக்கே அனுப்பிடுங்கக்கா என்று கெஞ்சினான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. மற்ற பத்து பேரும் அவன் கையையே பார்த்துக்கொண்டு சரி என்றார்கள்.