அப்பா வாங்கிய தொட்டி

அன்புள்ள வாலுவுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, சளி காய்ச்சல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே பேனாவை எடுக்கிறேன். இங்கே என் முழங்காலைத் தவிர மற்றபடி நான் நலம். அப்பாவின் நலத்தைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்கிறேன், பயப்படாதே, நடமாட்டமாகத்தான் இருக்கிறார், வாய்க்கும் ஒரு குறைச்சலும் இல்லை. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் உன்னிடம் பேச ஆரம்பித்தால் ஸ்பீக்கரில் போடு என்று பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறார், காரைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொன்னால் அவர் பத்து வார்த்தை சொல்கிறார், அப்புறம் எங்கே நான் பேசுவது. லீவில் நீங்கள் வரும்போது புதுக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு ஏர்போர்ட்டுக்கு வருவதாக உன்னிடம் சொல்லியிருக்கிறார் அல்லவா, அது நடக்காது. அவர் ஓட்டிக்கொண்டு வரமாட்டார். ஏன் என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன், ஆனால் அதற்கு முன்னால் அந்தக் காரை நாலு திட்டு திட்டினால்தான் எனக்குக் கை ஓடும்.

போட்டோவைப் பார்த்துவிட்டு நீ சூப்பர்மா என்றாய். போட்டோவில் எதுதான் சூப்பராக இல்லை, நேரில் வந்து பார். அது வாசல் கேட்டுக்குள் நுழைந்தபோது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா, இந்த மனுஷன் இத்தனை வருஷம் பாத்ரூம் சாமான் விற்ற பழக்கத்தில் ஒரு குளியல் தொட்டிக்குச் சக்கரம் வைத்து வாங்கி வந்துவிட்டார் என்றுதான். அதே வெள்ளை, அதே வழவழப்பு, அதே தடித்த ஓரம். அன்றிலிருந்து எனக்கு அது தொட்டிதான். கடையை விற்ற சூட்டோடு சூடாக ஷோரூமில் போய் நின்றிருக்கிறார், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏங்க, நாம ரெண்டு பேரு, நமக்கு எதுக்குங்க இந்தக் கப்பல் என்றேன். உனக்கு என்ன தெரியும், நீ ஓட்டறது டப்பா என்றார். என் டிரைவிங் ஸ்கூல் வண்டியைச் சொல்கிறார், அந்த டப்பாவில்தான் இந்த ஊரில் பாதிப் பேர் ஸ்டியரிங் பிடிக்கக் கற்றார்கள், உன் காலேஜ் படிப்பும் அந்த டப்பாவில்தான் ஓடியது என்பது அந்த நேரத்தில் அவருக்கு மறந்துபோய்விட்டது. தொட்டி முழுசாக உள்ளே வரவுமில்லை. பூந்தொட்டிகளை எல்லாம் தூக்கி மாடிக்கு அனுப்பி, துணி காயப்போடும் கொடியை அவிழ்த்து, அப்படியும் கேட்டைச் சாத்த முடியவில்லை, பின்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கிறது.

உள்ளே ஏறினால் செருப்புக் கடைக்குள் உட்கார்ந்த மாதிரி ஒரு தோல் வாடை. கதவை நாம் சாத்தக்கூடாதாம், லேசாகக் கொண்டுபோய் விட்டால் அதுவே இழுத்துச் சாத்திக்கொள்ளுமாம். ஒரு கதவைச் சாத்தத் தெம்பில்லாதவர்களுக்கு ஊர் சுற்றல் எதற்கு? சீட்டு நம் முதுகைப் பிடித்துவிடுகிறது, எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது, ஒரு பொத்தானை அமுக்கி நிறுத்தப் போய் மேலே கூரை திறந்துகொண்டது. இதெல்லாம் போதாதென்று உள்ளே ஒருத்தி இருக்கிறாள், முகம் கிடையாது, குரல் மட்டும். வலப்பக்கம் திரும்பவும், பாதையில் கவனம் செலுத்தவும், சிறிது ஓய்வு எடுக்கவும் என்று வழி முழுக்க உபதேசம். இத்தனை வயதுக்குமேல் எனக்கு ஒரு சக்களத்தி, அதுவும் என்னைவிட இனிமையாகப் பேசுகிறவள். ஷோரூமில் டை கட்டிய ஒருவன் வந்து எல்லாவற்றையும் விளக்கினான். பக்கத்தில் யாராவது வந்தால் கண்ணாடியில் ஆரஞ்சு விளக்கு எரியுமாம், குறுக்கே யாராவது வந்தால் நாம் மிதிக்காவிட்டாலும் அதுவே பிரேக் போட்டுக்கொள்ளுமாம். மேடம், நீங்க பாக்கவே வேண்டாம், உங்களுக்குப் பதிலா காரே பாத்துக்கும் என்று பல்லைக் காட்டினான். பாக்காம ஓட்டறதுக்குப் பேரு டிரைவிங் இல்ல தம்பி என்றேன் நான். உன் அப்பா என்னை அதட்டிவிட்டு, அந்த விளக்கு விஷயத்தை மறுபடி சொல்லுங்க, ரெண்டு பக்கமும் எரியுமா என்று பரீட்சைக்குப் படிக்கிறவர் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார். என்னிடம் படிக்கிற எவனாவது பக்கத்தில் வருகிறவனைப் பார்க்க விளக்கு கேட்டால் நடுரோட்டில் இறக்கிவிட்டிருப்பேன்.

எல்லாவற்றிலும் உச்சம் அந்தக் குளிர்பெட்டி. பின்சீட்டின் நடுவில் சின்னதாக ஒரு ஃப்ரிட்ஜ். வீட்டிலிருந்து மார்க்கெட் போய் வருவதற்குள் என்னதான் கெட்டுப்போய்விடும்? திறந்து பார்க்கக் கையை நீட்டினேன், லெதர்ல கறை படும் என்று கையைத் தட்டிவிட்டார். சரி, உங்கள் பொண்டாட்டியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டேன். நம் மெக்கானிக்கைக் கூப்பிட்டு, என் வண்டியில் மாட்டியிருக்கிற மாதிரி பக்கத்து சீட்டின் காலடியில் இதிலும் ஒரு பிரேக் மாட்டித் தரச் சொன்னேன், அது இல்லாத வண்டியில் உட்கார்ந்தால் எனக்கு ஒரு கால் இல்லாத மாதிரி இருக்கும் என்பது உனக்குத் தெரியும். அவன் தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அக்கா, இதுல நான் கை வச்சா அப்புறம் என்னை வித்தாலும் பத்தாது என்று ஓடியே போய்விட்டான்.

உன் அத்தை பார்க்க வந்தாள். செருப்பை வெளியே கழற்றிவிட்டு ஏறினாள், நான் சிரிப்பை அடக்கச் சமையலறைக்குள் போய்விட்டேன். அண்ணா, ஏரோப்ளேன் தோத்துச்சு போ என்று உருகினாள். அவ்வளவு உருகியவளை வீட்டில் கொண்டுபோய் விடவேண்டியதுதானே, இருட்டிடுச்சு, புது வண்டி, இன்னொரு நாள் பாக்கலாம் என்று மழுப்பிவிட்டார், அவள் பஸ்ஸில் போனாள். வெயில் இருந்தால்தான் ஓடும் கார் போலிருக்கிறது என்று நான் குத்திக் காட்டினேன். ஆனால் சாப்பாடு முடிந்ததும் நேரே போய்த் தொட்டிக்குள் உட்கார்ந்துகொள்வார். இஞ்சினைப் போட்டுக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு, பாட்டும் இல்லை ஒன்றும் இல்லை. என்னங்க பண்றீங்க என்றால் சும்மா இருக்கேன் என்பார். சும்மா இருப்பதற்கு நம் வீட்டில் நாற்காலி இல்லையா? எதிர்வீட்டு வக்கீல் அம்மா என்னிடம், உங்க சார் கார்ல உக்காந்து தியானம் பண்றாரா என்று கேட்டாள், எனக்கு மானம் போயிற்று.

இனிமேல்தான் விஷயம், நிதானமாகப் படி. போன வாரம் காலையில் மார்க்கெட் போய்விட்டுத் திரும்பினோம், அவர் ஓட்ட நான் பக்கத்தில். மருந்துக்கடை முக்கில், நான் இருக்கிற பக்கத்திலிருந்து ஒரு ஆள் சைக்கிளில் தலையணை விற்றுக்கொண்டு வந்தான். சைக்கிள் என்றா தெரிந்தது, ஒரு தலையணை மலை உருண்டு வந்தது. அவ்வளவு தூரத்திலேயே நான் பார்த்துவிட்டேன். அப்பாவும் பார்த்திருப்பார், இதோ வேகத்தைக் குறைப்பார் என்று இருந்தேன். குறைக்கவில்லை. அந்த ஆள் முன்சக்கரத்துக்கு நேரே வந்துவிட்டான், நான் ஓங்கி மிதித்தேன், வருஷக்கணக்காக மிதித்த கால், அங்கே பிரேக் இல்லை, வெறும் மிதியடிதான் நசுங்கியது. அந்த ஒரு நொடியில் எனக்கு உயிரே போய்விட்டது வாலு. அதற்குள் தொட்டி தானாகவே பெல்ட்டை இறுக்கி, கத்தி, நின்றுவிட்டது. அந்த ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, தலையணைகள்தான் ரோடு முழுக்க. யோவ், கண்ணு தெரியலையா உனக்கு என்று கத்தினான். நான் இறங்கிப் பொறுக்கிக் கொடுத்து, மன்னிப்புக் கேட்டு, மண்ணான ரெண்டு தலையணையை நாமே வாங்கிக்கொண்டு திரும்பி வந்தால், உன் அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே இருக்கிறார். எங்கேருந்துடி வந்தான் அவன் என்று கேட்டார். இந்தக் கேள்வியை என்னிடம் படிக்கிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள், தப்பை மறைக்கக் கேட்பார்கள். இவர் நிஜமாகவே கேட்டார்.

நேரா பாருங்க என்றேன். அவர் காதுக்குப் பக்கத்தில் என் கையை வைத்து விரலை ஆட்டிக்கொண்டே மெதுவாக முன்னால் கொண்டுவந்தேன், தெரிஞ்சா சொல்லுங்க என்றேன். கை கன்னத்தைத் தாண்டி, கண்ணாடியின் ஓரத்தைத் தாண்டி, கிட்டத்தட்ட மூக்குக்கு வந்தபிறகுதான் இப்போ தெரியுது என்றார். அந்தப் பக்கமும் அப்படியே. அவர் பின்னால் எட்டி அந்தக் குளிர்பெட்டியைத் திறந்தார். உள்ளே தண்ணீர் பாட்டில்கூட இல்லை, கண்ணில் விடுகிற சொட்டு மருந்துதான் இருந்தது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி ஓரப்பார்வை போய்க்கொண்டே இருக்கிற வியாதியாம், நேரே இருப்பது தெரியும், பக்கத்தில் இருப்பது தெரியாது. ரொம்ப நாளாகவே தெரிந்திருக்கிறது. கடையில் ஓரமாக வைத்த வாஷ்பேசினில் எல்லாம் இடித்து இடித்து உடைத்திருக்கிறார், அதனால்தான் கடையையே விற்றிருக்கிறார், எனக்கு வயசாயிடுச்சு என்று நம்மிடம் கதை விட்டுவிட்டு. அந்த மருந்தைக் குளிரில் வைக்க வேண்டுமாம், அதுவரை கடை ஃப்ரிட்ஜில் இருந்திருக்கிறது, கடை போனதும் வைக்க இடமில்லை. வீட்டு ஃப்ரிட்ஜ் என்ன ஆச்சு என்று கத்தினேன். அதுல ஒரு எலுமிச்சம்பழம் இடம் மாறினாலே யாரு எடுத்தான்னு கேப்ப, அதுல எங்க வைக்கறது என்றார். சாப்பிட்டுவிட்டுத் தொட்டிக்குள் போய்த் தலையைச் சாய்த்ததெல்லாம் சொட்டு மருந்து விட்டுக்கொள்ளத்தான். எனக்கு அழுகையும் வந்தது, நாலு அறை விடலாமா என்றும் வந்தது. இறங்குங்க என்றேன். இறங்கி, காரைத் தடவித் தடவிச் சுற்றி வந்து என் இடத்தில் உட்கார்ந்தார். வீடுவரை நான்தான் ஓட்டினேன், அந்தச் சக்களத்திகூட அன்று வாயைத் திறக்கவில்லை.

மறுநாளே கண் டாக்டர் அம்மாவிடம் போனோம். போன பார்வை போனதுதான், மிச்சம் இருக்கறதைக் காப்பாத்திக்கலாம், மருந்தை ஒரு நாள்கூட விடக்கூடாது, ஸ்டியரிங் பக்கமே போகக்கூடாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்ததும் உன் அப்பா என்னிடம் என்ன கேட்டார் தெரியுமா? ஒரே ஒரு தடவைடி, ஏர்போர்ட் ரோடு நேர் ரோடுதானே, பக்கம் எதுக்கு, புள்ளைங்களை மட்டும் கூட்டிட்டு வந்துடறேன், அப்புறம் தொடவே மாட்டேன் என்றார். கேட்கிறவருக்கும் தெரியும் கிடைக்காதென்று. நான் சாவியை என் இடுப்பில் செருகிக்கொண்டேன், குளிக்கப் போகும்போதுகூட எடுப்பதில்லை. உன்னிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் கேட்டார், நான் செய்யவில்லை. ஏனென்றால் டாக்டர் அம்மா இன்னொன்றும் சொன்னார், இது பிள்ளைகளுக்கும் வரலாம், ஆரம்பத்தில் நமக்கே தெரியாது, அதனால் மகளையும் கண்ணைக் காட்டச் சொல்லுங்கள் என்று. நாளைக்கே போய்க் காட்டு, வேலை இருக்கிறது, லீவு கிடைக்காது என்று என்னிடம் கதை விடாதே, கதை விடுகிற ஆள் ஒருத்தர் வீட்டுக்குப் போதும்.

இப்போது ஊரில் என் நிலைமையைக் கேள். அவருக்கு ஏன் சாவி கொடுப்பதில்லை என்று நாலு பேர் கேட்பார்களே, அவர் தலை குனியக்கூடாதே என்று, எனக்குத் தொட்டிமேல் பைத்தியம் பிடித்துவிட்டது, நான் ஓட்டாவிட்டால் தூக்கம் வராது, அவரைத் தொடவிடமாட்டேன் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். அந்த அழுமூஞ்சித் தொட்டியை! அத்தை போன் பண்ணி, என்ன அண்ணி, ஆசை ஆசையா வாங்கினவருக்கு ஒரு ரவுண்டு குடுக்கக்கூடாதா, அப்படி என்ன பேராசை என்று கேட்டாள். ஆமாம், பேராசைதான் என்று சொல்லிவிட்டு வைத்தேன். அவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார், போய் எனக்குக் காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தார், பாதி தட்டில் சிந்தியிருந்தது. நீயும் வந்ததும், என்னம்மா அப்பாகிட்டேருந்து காரைப் பிடுங்கிட்டீங்களாமே என்று அவர் காதுபட என்னைத் திட்டு. நன்றாகவே திட்டு, நான் வாங்கிக்கொள்கிறேன். தொட்டி அன்றைக்கு நின்றதே என்று நீ கேட்பாய். நின்றது, அதற்காக அதைக் கும்பிடமாட்டேன், இப்போதும் பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் குளிர்பெட்டியில் இருந்த மருந்து என் ஃப்ரிட்ஜில் எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, வேளை தவறாமல் நானே விடுகிறேன், கண்ணைச் சிமிட்டினால் திட்டு விழும்.

நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நோய் நொடி இல்லாமல், கண் நிறைந்து, நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. ஏர்போர்ட்டில் வாசலுக்கு நேரே அப்பாவை நிறுத்தி வைத்திருப்பேன், புதுச் சட்டை போட்டுக்கொண்டு நிற்பார். சின்ன வயதில் செய்கிற மாதிரி பக்கத்திலிருந்து ஓடிவந்து கட்டிக்கொள்ளாதே, பேத்தியையும் அப்படி ஓட விடாதே, திடுக்கிட்டுப் போவார், அப்புறம் எங்கேருந்து வந்தே என்று உன்னையும் கேட்பார். தூரத்திலிருந்தே அவருக்கு நேராக வா. மெதுவாக வா. நீ வருவதை அவர் முழுசாகப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
தொட்டி ஓட்டும்
உன் அம்மா