இருபதுக்குப் பன்னிரண்டு புள்ளி நான்கு

அக்டோபர் 6, திங்கள்

தள்ளுவண்டியைக் கழுவி நிறுத்திவிட்டு எழுத உட்கார்ந்தேன். இந்த ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் காப்பி ஆறிவிட்டது. ஆறட்டும்.

ரோஸ்மெரியின் மதிப்பெண் பட்டியல் மேசையில் கிடந்தது. முழுவதும் நானே படித்தேன். ரோமானியச் சட்டம் 11. குடும்பச் சட்டம் 14. வழக்கு நடைமுறை 11. பதினொன்று எடுத்தால்தான் தேர்ச்சி. கடைசியில் சராசரி, இருபதுக்கு 12.4. இதை வைத்துக்கொண்டு வெளிநாட்டில் சட்ட மேற்படிப்புக்கு மூன்று இடங்களில் விண்ணப்பிக்கப் போகிறாள் என் மகள்.

தாளைப் பிடுங்கினாள். "இதப் படிக்கவாப்பா எழுத்துக் கத்துக்கிட்ட?"

"வேற எதப் படிக்க? பேப்பர்ல எல்லாம் பொய்."

அக்டோபர் 9, வியாழன்

பரிந்துரைக் கடிதம் கேட்டு டாக்டர் வில்லவிசென்சியோவிடம் போனாள். வைத்தியர் அல்ல, அவளுடைய பேராசிரியர். லீமாவில் மட்டுமல்ல, இந்த மலையூரிலும் சட்டம் படித்தவர் எல்லோரையும் டாக்டர் என்றுதான் கூப்பிட வேண்டும், இல்லையென்றால் முகம் திருப்பிக்கொள்வார்கள்.

"இந்த மார்க்க வச்சுக்கிட்டா?" என்றாராம். "வகுப்புல மேல் மூணுல ஒரு பங்குலகூட நீ இல்லையேம்மா."

மேல் மூன்றில் ஒரு பங்கு. வங்கி வாசலில் நிற்கிற வேலைக்குக்கூட அந்தச் சான்றிதழ் கேட்கிறார்கள். மீதி இரண்டு பங்குப் பேர் எங்கே போவார்கள் என்று யாரும் கேட்பதில்லை. நான் கேட்கிறேன். எங்கே போவார்கள்?

கடைசியில், "நீயே எழுதிக் கொண்டா, கையெழுத்துப் போடறேன்" என்றாராம். எல்லா டாக்டர்களும் அப்படித்தானாம். அவருக்காக அவள் எழுதியதை வாங்கித் திருத்தி, "நேரம் தவறாதவள், மரியாதை தெரிந்தவள்" என்று இரண்டு வரி ஆக்கிவிட்டார். காவல்காரனுக்குத் தருகிற கடிதம்.

அக்டோபர் 12, ஞாயிறு

அந்த வழக்கு நடைமுறைப் பதினொன்றைப் பற்றி எழுத வேண்டும்.

மூன்று வருடம் முன்பு, புதுக் கடைத்தொகுதிக்காரர்கள் எங்கள் எமோலியெந்தே வண்டிகளை இழுத்துப் போய்ப் பூட்டினார்கள். வாற்கோதுமையும் ஆளிவிதையும் மூலிகையும் கொதிக்கும் நாற்பத்து மூன்று வண்டிகள். சூடாக ஒரு தம்ளர் குடிக்காமல் இந்த மலைக்குளிரில் யார் வேலைக்குப் போவார்கள்? அவர்களுக்கு வாசல் அழகு கெட்டதாம். ரோஸ்மெரி அப்போது மாணவி. பதினொரு வாரம் எங்களோடு அலைந்தாள், மனு எழுதினாள், விசாரணையில் நின்றாள். அதே நாளில் வகுப்பில் இந்தப் பாடத்தில் ஒரு தேர்வு. போகவில்லை. நாற்பத்து மூன்றும் திரும்பி வந்தன.

வழக்கை நடத்தியவளுக்கு வழக்கு நடைமுறையில் பதினொன்று! அது அவளுடையது அல்ல. எங்களுடையது.

அக்டோபர் 26, ஞாயிறு

இன்று எழுத மாட்டேன். கோபம்.

அக்டோபர் 27, திங்கள்

எழுதுகிறேன். விண்ணப்பத்தோடு அனுப்பத் தன்னைப் பற்றி அவள் எழுதியது மேசையில் இருந்தது. இரண்டு பக்கம் படிக்க எனக்கு நாற்பது நிமிடம். "என் தந்தை எழுதப் படிக்கத் தெரியாத தெரு வியாபாரி. அறியாமையின் இருளில் வளர்ந்தேன்."

இரண்டாம் முறையும் படித்தேன். அப்படியேதான் இருந்தது.

பென்சில் எடுத்துக் கீழே எழுதிக் கையெழுத்தும் போட்டேன்: பொய். இதை நான் படித்தேன். தெயோதுலோ போமா.

அவள் வந்து பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது. "டாக்டர்தான்ப்பா சொன்னாரு. படிக்கிறவங்கள அழ வைக்கணுமாம். மார்க் இல்லாதவளுக்கு வேற வழி இல்லையாம்."

"நான் இங்க உக்காந்து படிச்சிக்கிட்டு இருக்கேனே, அது?"

"நான் சின்னப் புள்ளையா இருந்தப்ப உண்மைதானே?"

உண்மைதான். ஆனா இப்ப? எழுபத்திரண்டு வயசுல மாதா கோவில் கூடத்துல போய் உக்காந்து படிச்சேனே, ஒரு வருசம், எதுக்கு? இன்னொருத்தன் என்னப் பாத்து அழறதுக்கா? நாப்பது வருசமா வண்டி தள்றேன். ஒருத்தன்கிட்டயும் இரக்கத்துக்கு ஒரு தம்ளர் வித்ததில்ல.

இதையும் அவளிடம் சொன்னேன். கதவைச் சாத்திக்கொண்டாள்.

அக்டோபர் 29, புதன்

பேசவில்லை. சூப் மட்டும் வைத்துவிட்டுப் போனாள். உருளைக்கிழங்கு சரியாக வேகவில்லை. அதையும் சொல்லவில்லை நான்.

அக்டோபர் 31, வெள்ளி

புதுத் தாளை என் முன்னால் போட்டாள். "பென்சில் இருக்கா? தப்பு இருந்தா எழுது."

முதல் வரி: "வழக்கு நடைமுறையில் என் மதிப்பெண் 11. அதற்குக் காரணம் நாற்பத்து மூன்று வண்டிகள். இதற்காக நான் மன்னிப்புக் கேட்கவில்லை."

பென்சிலைக் காதில் செருகிக்கொண்டேன்.

நவம்பர் 9, ஞாயிறு

இன்னொரு கடிதம் வேண்டுமாம், அவள் வேலையைக் கண்ணால் பார்த்தவர்களிடமிருந்து. எங்கள் வண்டிக்காரர் சங்கத் தலைவி எடெல்மிராவிடம், மரியாதையாகச் சொன்னால் தோனா எடெல்மிராவிடம், சொன்னேன். உடனே அவசரப் பொதுக்கூட்டம் கூட்டிவிட்டார். சும்மா ஒரு தாளில் எழுதித் தருவது சங்கத்தில் கிடையாது. கூட்டம் போட்டு, தீர்மானம் எடுத்து, நோட்டரி முத்திரை வைத்த பதிவுப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். அப்போதுதான் அது நடந்ததாகக் கணக்கு.

மார்ச்சிலிருந்து அந்தப் புத்தகம் என் கையில். சங்கச் செயலாளர்! நான்கு பக்கம் எழுதினேன், வெள்ளிவரை ஆகும் என்று நினைத்தேன், இன்றே முடித்துவிட்டேன். அவள் என்னென்ன செய்தாள், எந்தத் தேதி, யாரிடம் என்ன பேசினாள், எல்லாம் இருக்கிறது. தீர்மானத்துக்கு ஆதரவு நாற்பத்திரண்டு. வாக்களிக்காதவர் ஒருவர், தெயோதுலோ போமா. தந்தை என்பதால்தான், ஆனால் காரணத்தைப் புத்தகத்தில் எழுதவில்லை. எல்லோரும் அடையாள அட்டை எண் போட்டு, கையெழுத்தும் போட்டு, பக்கத்தில் கைரேகையும் வைத்தார்கள்.

ரோஸ்மெரி படித்துவிட்டுத் தலையில் கை வைத்தாள். "அவங்க கேட்டது ஒரு கடிதம். இதுல கேஸ் சிலிண்டர் பேச்சு இருக்கு. லேட்டா வந்த ரெண்டு பேருக்கு அபராதம் போட்டது இருக்கு."

"அதெல்லாம் எடுத்துட்டா அது கூட்டமே இல்ல, டாக்டர். செல்லாது" என்றார் எடெல்மிரா.

"நான் டாக்டர் இல்ல, தோனா எடெல்மிரா."

"என் வண்டிய மீட்டவ டாக்டர்தான். மத்தவன்லாம் கோட்டு போட்டவன்."

நவம்பர் 11, செவ்வாய்

பேராசிரியர் கேள்விப்பட்டுச் சொன்னாராம், "கைரேகையோட அனுப்புனா அங்க சிரிப்பாங்க."

எடெல்மிரா சொன்னது: "சிரிக்கட்டும். சிரிச்சவன் மறக்க மாட்டான்."

நவம்பர் 28, வெள்ளி

மூன்று இடத்துக்கும் போய்விட்டது. ஆங்கிலத்தில் மாற்றிக் கொடுத்தவர், "சிலிண்டரையுமா மாத்தணும்?" என்று இரண்டு முறை கேட்டாராம். சிலிண்டரையும்தான்.

ஜனவரி 14, புதன்

முதல் பதில். இல்லை.

பிப்ரவரி 12, வியாழன்

இரண்டாவது. மதிப்பெண் போதாது, வருந்துகிறோம் என்று எழுதியிருக்கிறார்களாம். இவர்களை யார் வருந்தச் சொன்னது?

அவள் அழுதாள். பேராசிரியர் சொன்னபடியே எழுதியிருந்தால்? அந்தப் பென்சிலை நான் எடுக்காமல் இருந்திருந்தால்? அவள் அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்தான் எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆனாலும் அது பொய்தான்.

மார்ச் 3, செவ்வாய்

மூன்றாவது இடம், ஹாலந்தில். கணினியில் முகம் பார்த்துப் பேசினார்கள். நான் கதவுக்கு இந்தப் பக்கம். ஆங்கிலம் எனக்குப் புரியாது, குரல் புரியும். முதலில் அவள் குரல் மெலிந்திருந்தது. பிறகு ஓர் இடத்தில் நிமிர்ந்துவிட்டது.

முடிந்ததும் சொன்னாள். ஒரு வயதான அம்மா, சங்கத்தின் நான்கு பக்கத்தையும் கையில் வைத்திருந்தாராம். நாற்பத்து மூன்று பேரில் ஒருவர் ஏன் வாக்களிக்கவில்லை என்று கேட்டாராம்.

"அது என் அப்பான்னேன். சொந்த மகளுக்கு ஓட்டுப் போடறது முறையில்லன்னுட்டாரு, இந்தப் பக்கங்கள எழுதினதும் அவர்தான், போன வருசம்தான் எழுதக் கத்துக்கிட்டாருன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

"அந்தப் பக்கங்கள மறுபடி புரட்டிப் பாத்தாங்க. அப்புறம், நீங்க எழுதின மனுவக் காட்டுங்கன்னாங்க. ஒரு மணி நேரம் அதப் பத்தி மட்டுந்தான். மார்க்கப் பத்தி ஒரு கேள்விகூட இல்லப்பா."

மார்ச் 26, வியாழன்

இடம் கிடைத்துவிட்டது. உதவித்தொகையோடு.

ஏப்ரல் 8, புதன்

பேராசிரியர் எல்லோரிடமும் "என் மாணவி" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம். சொல்லட்டும். இன்று என் வண்டிக்கு வந்தார். தம்ளரைக் கொடுத்தபோது, "12.4 வாங்கினவளோட அப்பன் போட்டது, எலுமிச்சம்பழம் கொஞ்சம் தூக்கலா இருக்கும், டாக்டர்" என்றேன். குடித்தார்.

ஆகஸ்ட் 20, வியாழன். லீமா

விமான நிலையத்தில் பெரிய பலகை. ஊர் பெயர்கள் மாறி மாறி ஓடுகின்றன.

"அதோப்பா, மேலேர்ந்து நாலாவது..."

"சொல்லாதே" என்றேன்.

பாதி படிப்பதற்குள் மாறிவிட்டது. காத்திருந்தேன். மறுபடி வந்தது, மறுபடி ஓடிவிட்டது. வரிசையில் ஆட்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். ரோஸ்மெரி பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டாள், அவசரப்படுத்தவில்லை.

மூன்றாம் முறை கடைசிவரை படித்தேன். ஆம்ஸ்டர்டாம். வாசல் பதினேழு. நேரத்துக்குக் கிளம்புகிறது.

பதினேழாம் வாசல் என்று அவளுக்குச் சொன்னேன். எழுந்து பெட்டியை எடுத்துக்கொண்டாள்.