மெரூன் கோட்டும் என் வாயும்

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. அப்பா, தம்பி, நான் மூன்று பேரும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம், கர்த்தர் உன்னையும் அந்த மஸ்கட் வெயிலில் தலைவலி காய்ச்சல் அண்டாமல் வைத்திருப்பாராக. உடம்பளவில் என்று ஏன் எழுதினேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் முகம் பார்த்துப் பேசுகிறவளுக்கு இன்றைக்கு என்ன வந்தது, பேனாவை எடுத்திருக்கிறாள் என்று நினைப்பாய். கொஞ்ச நாளாக நீ கூப்பிடும்போதெல்லாம் அடுப்பில் வேலை இருக்கிறது என்று போனை அப்பாவிடம் தள்ளிவிட்டேனே, அதுவும் இதனால்தான். உன் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல முடியவில்லை, அவ்வளவு வெட்கமாக இருக்கிறது. பெரியப்பா மகன் ரூபஸ் லீவு முடிந்து வியாழக்கிழமை அங்கே திரும்புகிறான், மாவடு பாட்டிலோடு இதையும் அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

அப்பா இன்னும் காலை லோக்கல் ரயிலுக்குத்தான் ஓடுகிறார், முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்ளுங்கள் என்றால் காது கேட்காது. ஆடிக் கிருத்திகை வருகிறது, ஊர் இப்போதே காவடியும் மொட்டையுமாக நிரம்பிவிட்டது, திருப்பதி பஸ்ஸெல்லாம் சுற்றிக்கொண்டு போகிறது. தம்பி பிளஸ் ஒன் வந்த பிறகு மீசையைத் தடவுவதே வேலை. அவன் பள்ளிக்கூடத்தில், உன் பள்ளிக்கூடத்தில்தான், போன வாரம் பெற்றோர் கூட்டம் போட்டார்கள். பிள்ளைகளுக்கு இனி யூனிபார்ம் வேண்டுமா, கலர் டிரஸ்ஸில் வரட்டுமா என்று பேச்சு. வீராசாமி அண்ணன் முதலில் எழுந்து, இந்த வெயில்ல பாலியஸ்டர் போட்டுகினு புள்ளைங்க வெந்து போவுதுங்க, அதுக்கு மேல ஒரு கோட்டு வேற, இன்னாத்துக்குங்க அது, வக்கீலுக்கா படிக்குதுங்க என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பாதிப் பேர் அவர் பக்கம் சாய்ந்துவிட்டதைப் பார்த்ததும் எனக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டது. என் குணம்தான் உனக்குத் தெரியுமே.

ஞாயிற்றுக்கிழமை சபையில் கர்த்தர் செய்த நன்மைக்குச் சாட்சி சொல்ல எழுந்தால் பெயர், ஊர், நடந்தது எதையும் விடாமல் சொல்லித்தானே எனக்குப் பழக்கம். அப்படிச் சொன்னால்தான் சாட்சி என்று இத்தனை வருஷம் நினைத்துவிட்டேன். இங்கேயும் அப்படியே எழுந்தேன். யூனிபார்ம் இருந்தால்தான் இருக்கிறவன் பிள்ளை, இல்லாதவன் பிள்ளை என்று தெரியாது என்றேன். அதோடு உட்கார்ந்திருக்கலாம், உட்காரவில்லை. எதிரே உதயா டீ டிரேயை எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாக வந்துகொண்டிருந்தாள், நம் பின்தெரு புஷ்பலதாவின் மகள், தம்பி வகுப்புதான். அவளைக் கை நீட்டிக் காட்டி, இதோ இந்தப் பிள்ளை போட்டிருக்கிறதே, அது எங்க ஸ்வீட்லினோடது, நான்தான் கொடுத்தேன், சொல்லாவிட்டால் உங்களில் யாருக்காவது தெரிந்திருக்குமா என்று கேட்டேன். சொல்லியே விட்டேன் பாப்பா. அவ்வளவு பேரும் திரும்பி அவள் கோட்டைப் பார்த்தார்கள். புஷ்பலதா அன்றைக்குப் பவர்லூம் வேலைக்கு லீவு போட்டு, அம்மையார்குப்பம் பஸ்ஸை விட்டுவிட்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள், தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு எதுவும் உறைக்கவில்லை. கை தட்டினார்கள். யூனிபார்ம் தொடரட்டும் என்று முடிவாயிற்று. ஜெயித்துவிட்டோம் என்று வரும் வழியில் பக்கோடா வாங்கிக்கொண்டு வந்தேன், அந்தப் புத்தியை என்னவென்று சொல்ல!

இரண்டு நாள் கழித்துத் தம்பிதான் சொன்னான். வகுப்பில் அவளை இப்போது யாரும் உதயா என்று கூப்பிடுவதில்லையாம். ஸ்வீட்லின், இங்க வா, ஸ்வீட்லின், மஸ்கட்ல இருந்து எப்ப வந்த என்கிறார்களாம். உன் பெயரை வைத்துத்தான் அந்தப் பிள்ளையை அடிக்கிறார்கள். அவள் பள்ளிக்கூடம் வருவதை நிறுத்திவிட்டாள். நான் வந்து வகுப்பிலேயே நாலு வார்த்தை கேட்கிறேன் என்று புடவையை இழுத்துச் செருகினேன், தம்பி கையெடுத்துக் கும்பிட்டு, அம்மா, இன்னொரு தடவ வாயத் தொறக்காதம்மா என்றான். அப்பா அதைவிட மோசம், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு, குடுத்தத சொல்லிக் காட்டறதுக்கு குடுக்காமலே இருந்திருக்கலாம் யூனிஸ் என்றார். வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக்கூடாது என்று சண்டே ஸ்கூலில் உனக்கு மனப்பாடம் செய்வித்தவளே நான்தானே.

புஷ்பலதா வீட்டுக்குப் போனேன். அவள் சண்டை போட்டிருந்தால் பரவாயில்லை. சேர் போட்டு உட்கார வைத்து, யூனிபார்மைத் துவைத்து இஸ்திரி போட்டு ஒரு பையில் வைத்து என் மடியில் கொடுத்தாள். குடுக்கும்போது யாருக்கும் தெரியாம முந்தானையில மூடிகினு வந்தீங்கக்கா, அதுக்கே உங்கள அவ்ளோ பெருசா நெனச்சேன் என்றாள். புதிதாக ஒன்று தைத்துத் தருகிறேன் என்றேன். உள்ளே இருந்து உதயா, புதுசு போட்டா மட்டும் மறந்துடுவாங்களா ஆன்ட்டி, அத போட்டுகினு இருந்தப்ப நானும் எல்லாரு மாதிரி இருந்தேன் என்றாள், வெளியே வரவில்லை. நான் வாய் நிறையப் பேசி ஜெயித்த யூனிபார்மை ஊரில் எல்லாப் பிள்ளைகளும் போட்டுக்கொண்டு போகிறார்கள், அவள் ஒருத்தியால் போட முடியவில்லை. உன்னை மாதிரி நர்ஸ் ஆக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்த பெண் பாப்பா அது, இந்த வருஷம் விட்டால் பவர்லூமுக்குத்தான் போவாள்.

இப்போது உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. அந்த மெரூன் சுடிதாரும் கோட்டும் உனக்கும் புதிது இல்லை. உன் அத்தை மகள் அபிகாயில் போட்டது. கைப்பக்கம் பிடித்து, பட்டனெல்லாம் மாற்றி, கஞ்சி போட்டு, கடைக் கவரிலேயே வைத்து உனக்குக் கொடுத்தேன். நீ கோட்டை முகர்ந்து பார்த்துப் புது வாசனை என்று சொன்னபோது ஆமாம் என்றேன். நம் வீட்டு நிலைமை அப்போது அப்படி. அபிகாயிலிடம்கூட உன் காதில் விழக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தேன். என் பிள்ளைக்கு என்றால் எப்படி மூடி வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருக்கிறது, அடுத்தவள் பிள்ளைக்குத் தெரியாமல் போய்விட்டது. அதை நினைத்தால்தான் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

இதை உதயாவிடம் சொன்னால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்குமோ, திரும்பி வருவாளோ என்று தோன்றுகிறது. போய்ச் சொல்லக் கால் பரபரக்கிறது, ஆனால் இது உன் விஷயம், உன்னைக் கேட்காமல் சொல்ல மாட்டேன். சரி என்றால் நீயே அவளுக்குப் போன் போட்டுப் பேசு, உன் பேச்சை அவள் கேட்பாள். வேண்டாம் என்றால் வேண்டாம், அம்மா வருத்தப்பட மாட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு, டியூட்டி முடிந்தால் தூங்கு, ஜெபம் செய்யாமல் படுக்காதே. மாவடுவை ஈரக் கை படாமல் எடு. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பார். கவர் மேல் உன் பெயர் எழுதவில்லை பாப்பா, அந்தப் பிள்ளையை அடிக்கிற பெயராகிவிட்டதே, எழுதக் கை வரவில்லை. யாருக்கு என்று ரூபஸுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும் உன் அம்மா,
யூனிஸ் ஜீவரத்தினம்
திருத்தணி