ஊசி படாத பக்கம்

ஜூலை 3, 2025

கிண்டி பழைய சாமான் கடை இனாயத் போன் செய்தார். "சார், நீ தேடிக்கினு கீறியே ஒரு பாட்டுக்காரம்மா, அவங்க பாட்டுத் தட்டு ஒண்ணு வந்துகீது. கோபாலபுரத்துல பங்களா இடிச்சாங்கோ, அங்க கெடச்சுது."

செருப்பைக்கூடச் சரியாக மாட்டவில்லை. வாசலில் மஹதி, "ஆத்துல கால் வைக்க எடமில்ல, இன்னும் ஒரு தட்டா?" என்றாள். பெண்டாட்டி வாயை யார் அடைப்பது?

அதேதான்! 1966. ஜைனப் அம்மா பதினெட்டு வயதில் 'ஜெனி' என்ற பெயரில் பாடிய முதல் தட்டு. ஒரு பக்கம் ஓட்டல் பேண்ட் மாஸ்டர், மறுபக்கம் இவர். மெட்ராஸில் ஒரு பெண் ஆங்கிலத்தில், அமெரிக்கக் கறுப்பர்களின் ஸோல் பாட்டு பாடியிருக்கிறாள். ஒரு பத்திரிகையாவது நாலு வரி எழுதியிருக்கிறதா? கிடையாது.

ஜூலை 4

ராயப்பேட்டையில் ஜைனப் அம்மா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு ஜைனப் அம்மாவுக்குக் குரல் இல்லை, வெறும் காற்றுதான். அவருடைய பிந்தைய தட்டுகள் இரண்டு என்னிடம் இருக்கின்றன. போன வருஷம் போட்டுக் காட்டியபோது உதட்டைப் பிதுக்கினார். "அது கம்பெனிக்காரன் சொன்ன மாதிரி பாடுனது தம்பி. மொத தட்டுதான் நான்."

கல்யாணமானதும் மாமனார் எல்லாத் தட்டுகளையும் உடைத்துவிட்டாராம். அந்த முதல் பாட்டை மகள் சகினா கேட்டதே இல்லை. "அம்மீ இருக்கும்போதே ஒருவாட்டி போட்டுடுங்க சார்," என்றாள். ஞாயிறு கொண்டுவருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

ஜூலை 5

பாவி. நான் பாவி.

துடைக்காமல் எந்தத் தட்டிலும் ஊசி வைக்கமாட்டேன், அது என் வழக்கம். எப்போதும்போல ஸ்பிரிட்டில் துணியை நனைத்து முதலில் அவர் பக்கத்தைத் துடைத்தேன். துணி கறுத்தது. அழுக்கு என்று நினைத்து இன்னும் அழுத்தித் துடைத்தேன்! என் மற்ற தட்டுகளெல்லாம் வினைல் பிளாஸ்டிக், ஸ்பிரிட் அவற்றை ஒன்றும் செய்யாது. இது அரக்குத் தட்டு. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். காலேஜில் கெமிஸ்ட்ரி எடுக்கிற முட்டாளுக்கு அது ஏன் அப்போது தோன்றவில்லை?

ஊசி வைத்துப் பார்த்தேன். ஒரே இரைச்சல். ஒரு சொல்கூட இல்லை.

ஜூலை 6

ஞாயிறு. ஜுரம் என்று சொல்லிப் போகவில்லை.

ஜூலை 9

போனேன். சொன்னேன்.

சகினா தட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "எங்க தாத்தா ஒடச்சாரு. நீங்க தொடச்சீங்க. இன்னா சார் வித்தியாசம்?"



ஜைனப் அம்மா மறுபக்கத்தைப் போடச் சொன்னார். பேண்ட் மாஸ்டர் கணீரென்று பாடினார். முடிந்ததும் ஜைனப் அம்மா, "அப்போ ரேடியோலயும் இதத்தான் போட்டாங்க," என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னார். குடித்தேன்.

ஜூலை 14

தட்டு சேர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் நடந்ததை எழுதி, யாரிடமாவது வேறு பிரதி உண்டா என்று கேட்டிருந்தேன். மும்பையிலிருந்து ஆதில் என்பவர் கூப்பிட்டார். எடுத்த எடுப்பில், பேண்ட் மாஸ்டர் பக்கம் நன்றாக இருக்கிறதா, தனக்கு அது போதும் என்றார். எனக்கு வந்ததே கோபம்! அந்தம்மா பாட்டு உனக்குக் குப்பையா என்று கத்திவிட்டு வைத்தேன். மறுபடி கூப்பிட்டார். எடுக்கவில்லை. ஏதோ செய்தி அனுப்பினார். திறக்கவில்லை.

ஜூலை 27

ஜைனப் அம்மா போய்விட்டார். துக்கத்துக்குப் போனேன். சகினா என் பக்கம் திரும்பவே இல்லை.

ஆகஸ்ட் 2

ஆதிலின் செய்தியை இன்றுதான் படித்தேன். அவரிடமும் அதே தட்டு இருக்கிறது. பேண்ட் மாஸ்டர் பாட்டை வீட்டில் போட்டுப் போட்டே தேய்த்துவிட்டார்களாம். அந்தம்மா பக்கத்தை யாரும் போட்டதே இல்லை, புத்தம் புதிதாக இருக்கிறது, மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார்.

அந்தப் போனை ஒரு நிமிஷம் பிடித்திருக்கக்கூடாதா? அப்போது ஜைனப் அம்மா உயிரோடு இருந்தாரே! அவசரக்குடுக்கை. அப்பா வைத்த பெயர்தான் சரி.

ஆதிலிடம் மன்னிப்புக் கேட்டேன். அனுப்புகிறேன் என்றார்.

ஆகஸ்ட் 11

தட்டு வந்தது. துடைக்கவில்லை. அப்படியே ராயப்பேட்டைக்கு எடுத்துப்போனேன். சகினா கதவைப் பாதி திறந்து என் கையிலிருந்த தட்டைப் பார்த்தாள். பிறகு உள்ளே விட்டாள்.

ஊசி வைத்தேன். என்ன குரல் அது! கெஞ்சல் இல்லை, குழைவு இல்லை, அடிவயிற்றிலிருந்து எழுந்து அந்தச் சின்ன அறையையே நிறைத்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. சகினா அழவில்லை. பாட்டு முடிந்தும் தட்டு சுற்றிக்கொண்டிருந்தது.

"வூட்டுல அம்மீ இவ்ளோ சத்தமா பேசிக்கூட நான் கேட்டதில்ல சார்," என்றாள்.