மொர்சினாக் அறுபது பாட்டில்

மே 23, செவ்வாய்

வாங்கிவிட்டேன். பத்தேகாலுக்கு சாத்தோ மொர்சினாக் திராட்சைத் தோட்டத்திலிருந்து அவர்களுடைய புது ஒயினுக்கு விலை வந்தது: பாட்டில் அறுபத்திரண்டு யூரோ. பத்தரைக்கு வாங்குவோர் பட்டியலில் என் பெயரை நானே தட்டச்சு செய்தேன். அறுபது பாட்டில். லிபூர்னில் இந்த ஒயின் தரகு ஆபீசில் இருபத்தொரு வருஷமாக மற்றவர்களின் பெயரைத்தான் அடித்திருக்கிறேன். முதலாளி லாபாத் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "மிரேய், நீங்களுமா?"

என் கணவன் ரெஜி வேறு பழைய வண்டியை மாற்ற ஆசையாக இருந்தான். அந்தப் பணம்தான் இது. சாப்பாட்டின்போது சிரித்தான். "ஒயின் இன்னும் பீப்பாயில கெடக்குது. பாட்டில் கைக்கு வர ரெண்டு வருஷம். பணம் மட்டும் இன்னைக்கேவா? புள்ள பொறக்கறதுக்கு முன்னாடியே ஸ்கூல் ஃபீஸ் கட்டுற மாதிரி இருக்கு."

வாங்கிய எல்லோரும் விலை ஏறும் என்றுதான் சொல்கிறார்கள். வாங்கியவர்கள் வேறென்ன சொல்வார்கள்?

ஜூன் 8

மொர்சினாக்குக்குப் பக்கத்துத் திராட்சைத் தோட்டத்துக்காரர் தன் ஒயினை நாற்பத்தைந்துக்கு விட்டார். அதே மண், அதே வெயில். லாபாத் மத்தியானம் முழுக்க போனில் கத்திக்கொண்டிருந்தார். மொர்சினாக்கை எடுத்த வியாபாரிகளிடம் பாதி விற்காமல் அப்படியே நிற்கிறதாம்.

ஜூன் 30

மொர்சினாக் ஐம்பத்தேழு.

ஆகஸ்ட் 29

ஐம்பத்திரண்டு. காலையில் ஆபீஸ் கதவைத் திறந்ததும் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் கணினித் திரையில் விலையைத்தான் பார்க்கிறேன். பார்த்தால் ஏறிவிடுமா? ரெஜி "எப்படிப் போகுது?" என்றான். "பரவாயில்ல" என்றேன். இரண்டு வருஷம் இப்படியே "பரவாயில்ல" சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

செப்டம்பர் 17, ஞாயிறு

எழுதவே கை கூசுகிறது.

வழக்கம்போல உகெத் வீட்டில் மதியச் சாப்பாடு. ரெஜியின் அக்கா. முடி திருத்தும் கடையை விற்றபின் கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது, வாயும் முன்னைவிட நீளம். பாலாடைக்கட்டி வரும்போது கேட்டாள்: "உன் மொர்சினாக் கதை என்னடி ஆச்சு? எனக்கும் கொஞ்சம் வாங்கித் தரக்கூடாதா? வெளிய நூறு பேருக்கு வாங்கித் தர்ற, வீட்டு ஆளு கண்ணுக்குத் தெரியல."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? வேண்டாம் அக்கா, விலை விழுந்துகொண்டிருக்கிறது என்று. என் வாயிலிருந்து வந்தது: "இப்ப கெடைக்காதுக்கா. வேணும்னா என்னோடத எடுத்துக்குங்க. நான் வாங்கின வெலைக்கே தர்றேன்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அது நாற்பத்தொன்பது. நான் பார்த்தேன்! பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். கிளம்பும்போது ஒரு ஜாடி வாத்துக்கறி வேறு கையில் திணித்தாள்.

செப்டம்பர் 22

உகெத்தின் பணம் வந்துவிட்டது. பெயரை மாற்றிக் காகிதமும் கொடுத்துவிட்டேன். ரெஜி இனி நல்ல வண்டியாகப் பார்ப்பானாம். "எங்க அக்காவுக்கு நல்லது பண்ணின" என்றான். அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நவம்பர் 14

நாற்பத்தேழு. போனது என் பணமில்லை. பிறகு ஏன் இன்னும் கைப்பையைக் கீழே வைக்காமல் திரையைப் பார்க்கிறேன்?

ரொட்டிக் கடையில் உகெத் எல்லோரிடமும் சொல்கிறாளாம்: எங்க மிரேய் விட்டுக்கொடுத்தா.

ஜனவரி 23, செவ்வாய்

ஒயின்களுக்கு மதிப்பெண் போடும் ஒரு பெரிய விமர்சகர் மொர்சினாக்கை மறுபடி சுவைத்திருக்கிறார். வியாழக்கிழமை மார்க் வரும். ரொம்ப நன்றாக வரும் என்று பேச்சு. லாபாத் சீட்டி அடித்துக்கொண்டே காபி போட்டார்.

அப்பாடா என்றிருந்தது. விலை ஏறிவிட்டால் உகெத்துக்கு நஷ்டமில்லை, நான் எதுவும் சொல்லவே வேண்டாம். ஒருநாள் சிரித்துக்கொண்டே சொல்லிக்கொள்ளலாம்.

வீட்டுக்கு நடக்கும்போது பாலத்தில் நின்றுவிட்டேன். ஏறிய பிறகு சொன்னால் அது என்ன மன்னிப்பு? சொல்வதென்றால் நாளைக்கே சொல்ல வேண்டும். இன்னும் நாற்பத்தேழாக இருக்கும்போதே.

ஐயோ, யாரு கேட்டா என்னை? பேசாம இருந்துடலாமே.

ஜனவரி 24, புதன்

சொல்லிவிட்டேன்.

ஆபீஸ் முடிந்து நேராகப் போனேன். உகெத் சமையலறையில் சாப்பாட்டுக்குக் கடல்சிப்பி திறந்துகொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். நின்றுகொண்டே சொன்னேன்.

கத்தியைக் கீழே வைத்தாள். "நாப்பத்தொம்பதுன்னு தெரிஞ்சே எனக்கு அறுபத்திரெண்டுக்குக் குடுத்த?"

"ஆமாக்கா."

"ரெஜிக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"உங்க கல்யாணத்தன்னைக்கு உனக்கு முடி அலங்காரம் பண்ணினது நான். அப்புறம் எத்தனையோ வாட்டி வெட்டியிருக்கேன். ஒரு தடவ காசு கேட்டிருப்பேனா? பணம் வேணும்னு நீ கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனேடி. ஏமாத்தணுமா?"

இதையும் மறைக்கக்கூடாது என்று, நாளை மார்க் வருகிறது, விலை ஏறினாலும் ஏறும் என்றேன்.

"ஏறட்டும். நீயே வெச்சுக்க. உன் கையால வர்ற லாபம் எனக்கு வேணாம். என் பணத்தக் குடுத்துடு." அங்கேயே நான் கொடுத்த காகிதத்தை எடுத்து, பாட்டில்களைத் திரும்ப என் பெயருக்கே எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினாள். அவள் விரலில் சிப்பித் தண்ணீர்.

ரெஜியிடமும் சொன்னேன். மேசையிலிருந்த வண்டி விளம்பரத்தாளை மடித்து வைத்தான். பிறகு, "சரி. வண்டி வேணாம்" என்றான். திட்டியிருந்தால் தேவலை.

ஜனவரி 25, வியாழன்

நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு மார்க். சாயங்காலத்துக்குள் எழுபத்தொன்று.

லாபாத் கைகுலுக்கினார். "உங்ககிட்டயும் இருக்கே மிரேய்! அதிர்ஷ்டக்காரி." கழிவறைக்குப் போய் அழுதேன்.

பிப்ரவரி 6

உகெத்தின் பணத்தை மறுநாளே திருப்பிவிட்டேன். பிறகு அவளுக்குக் கடிதம் எழுதினேன். அதே அறுபத்திரண்டுக்கு எடுத்துக்கொள்ளுங்கள், லாபம் முழுவதும் உங்களுடையதுதான் என்று. உறையைக்கூடப் பிரிக்காமல் ரெஜியிடம் திருப்பிக் கொடுத்தனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் மட்டும் போகிறான். நான் முட்டை பொரித்துக்கொள்கிறேன்.

மார்ச் 19

எழுபத்தாறு. இப்போதும் காலையில் முதல் வேலை திரைதான். "வித்துடேன்" என்கிறான் ரெஜி. விற்றால் அந்த லாபம் யாருடையது?

ஏப்ரல் 30

புது விளைச்சல் ஒயின்களுக்கு விலை வர ஆரம்பித்துவிட்டது. ஆபீசில் மூச்சுவிட நேரமில்லை. நல்லதுதான்.

மே 14, செவ்வாய்

பதினொரு மணிக்கு ஆபீஸ் கதவு திறந்தது. உகெத். நல்ல கோட்டு, உதட்டுச் சாயம். என்னைப் பார்க்காமல் லாபாத்தின் மேசைக்குப் போனாள். அவர் எழுந்து நாற்காலி போட்டார். இன்று காலை வந்த ஒரு புது ஒயினின் விலையைக் காட்டி அரைமணி நேரம் பேசினார்: அருமையான வருஷம், இந்த விலை திரும்ப வராது, நாளைக்குக் கிடைக்காது. அவள் தலையாட்டிக்கொண்டே இருந்தாள்.

பிறகு கைப்பையோடு என் மேசைக்கு வந்து நின்றாள். நாலு மாதத்தில் முதல் பேச்சு.

"வாங்கலாமா?"

லாபாத்துக்குக் கேட்கும் தூரம்தான். அவர் பேனா நின்றுவிட்டது தெரிந்தது.

"வேணாம்க்கா" என்றேன். "பாட்டில்ல வந்தப்புறம் இதைவிட மலிவாவே கெடைக்கும்."

என் முகத்தையே பார்த்தாள். நானும் கண்ணை எடுக்கவில்லை. காது மட்டும் சூடாக இருந்தது.

கைப்பையை மூடினாள். "மன்னிக்கணும் மிஸ்யே லாபாத், எனக்கு வேணாம்" என்றாள் அவரிடம். என்னிடம், போகிற போக்கில்: "முன்முடி கண்ண மறைக்குது. ஞாயித்துக்கிழம கொஞ்சம் சீக்கிரமா வா, வெட்டி விடறேன்."

லாபாத் மாலைவரை என்னிடம் பேசவில்லை. மொர்சினாக் இன்று என்ன விலை என்று வீட்டுக்கு வந்தபின் ரெஜி கேட்டான். நான் பார்க்கவே இல்லை.